கொடிக் கயிற்றில் எது தலை, எது வால்?

கேள்வி: சேரன்மகாதேவி அருகே ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருக்கிறேன். சென்ற சுதந்திர தினத்தில் கொடி உச்சியிலேயே முடிச்சவிழாமல் நின்றுவிட்டது. அழைப்பிதழில் ‘கொடியேற்றம்’ என்று அச்சிட்டதும் பிழை என்கிறார்கள். எது சரி?

பதில்: அழைப்பிதழை மாற்ற வேண்டாம். கொடியைக் கீழிருந்து மேலே இழுப்பது ஏற்றுதல்; உச்சியில் மடித்துக் கட்டிவைத்ததைச் சுண்டித் திறப்பது அவிழ்த்தல் அல்லது விரித்தல். டெல்லியில் ஆகஸ்ட் 15 அன்று பிரதமர் செங்கோட்டையில் ஏற்றுகிறார். ஜனவரி 26 அன்று குடியரசுத் தலைவர் விரிக்கிறார். பூவிதழ்கள் உதிர வேண்டும் என்பதற்காக நம் பள்ளிகளில் இரண்டு நாளும் அவிழ்க்கத்தான் செய்கிறோம். அதைக் கொடிச் சட்டமும் அனுமதிக்கிறது. ஆனித் திருவிழாவுக்கு நெல்லையப்பர் கோயில் கொடியேற்றம் பார்த்து வளர்ந்த ஊரில் அந்தச் சொல்லைக் குற்றம் சொல்பவர்களை விட்டுவிடுங்கள்.

உங்கள் உண்மையான சிக்கல் கயிற்றில் இருக்கிறது. கம்பத்தை ஒட்டிய ஓரத்தைக் கம்பப் பக்கம் என்றும், காற்றில் அடிக்கும் எதிர் ஓரத்தை வீச்சுப் பக்கம் என்றும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள். கம்பப் பக்கத்தில் தைத்த தடித்த வெள்ளைத் துணிப்பட்டிக்குள் ஒரு கயிறு ஓடும். முறையாகத் தைத்த கதர்க் கொடியில் அதன் காவி முனையில் சிறு மரக்கட்டையும், பச்சை முனையில் கண்ணியும் இருக்கும். ‘கட்டை மேலே’ என்பதை மனப்பாடம் செய்த பையன் கொடியைத் தலைகீழாகக் கட்டமாட்டான். கடையில் வாங்கும் பாலியஸ்டர் கொடிகளில் பெரும்பாலும் கட்டை இருக்காது. காவி முனையில் ஒரு சிவப்பு நூலைக் கட்டிவிடுங்கள்.

ஆகஸ்ட் 15 ஆடியின் கடைசி நாட்களில் வரும். முந்தைய மாலையே கட்டிவைத்தால் இரவுச் சாரலில் பருத்திக் கயிறு ஊறிப் பருத்து, முடிச்சு இறுகிவிடும். காலையில் கட்டுங்கள், உருவு முடிச்சு ஒன்று போதும். ஆடிக்காற்றுக்குப் பயந்து இரண்டாவது முடிச்சுப் போடுவதுதான் வழக்கமான தவறு. மேலே அனுப்புமுன் தரையிலேயே இரண்டு முறை இழுத்துப் பாருங்கள். கப்பிக்கு எண்ணெய் விடுங்கள். இதழ்கள் உலர்ந்தவையாக, ஒரு கைப்பிடிக்கு மேல் வேண்டாம்.

இன்னொன்று: தலைமை விருந்தினர் எந்தக் கயிற்றை இழுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது. ஒரு பள்ளியில் நானே பக்கத்தில் நின்றும், அவர் மற்றக் கயிற்றை இழுத்து, பொட்டலம் அப்படியே இறங்கி வந்து அவர் காலடியில் நின்றது. அன்றுமுதல் சரியான கயிற்றில் ஒரு துணித்துண்டைச் சுற்றிவிடுகிறேன்.

இறக்குவது மெதுவாக, ஏற்றுவதுதான் விரைவாக. 2022 ஜூலைத் திருத்தத்துக்குப் பின் திறந்த வெளியில் இரவிலும் பறக்கலாம் என்றாலும், நம் பக்கத்துக் காற்றுக்கு மாலையில் இறக்குவதே கொடிக்கு நல்லது. காவியையும் பச்சையையும் வெள்ளைக்கு அடியில் மடித்து, பிறகு இரு பக்கமும் மடக்கினால் சக்கரம் மேலே தெரியும். ஈரமாக மடித்து அலமாரியில் வைக்காதீர்கள்.

வீச்சுப் பக்கம்தான் முதலில் நூல் பிரியும். கிழிந்த கொடியை ஏற்றக் கூடாது. துடைக்கும் துணியாகவும் ஆக்கக் கூடாது. தனியிடத்தில் முழுதாக எரித்துவிடுங்கள்.