ஃபெலோஷிப் பணத்தை ரோத் கணக்கில் போடலாமா?

கேள்வி: அமெரிக்காவில் எஃப்-1 விசாவில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். 2025-ல் வேலை ஏதும் பார்க்கவில்லை. ஃபெலோஷிப்பாக மாதம் 2,400 டாலர் வந்தது. கல்விக் கட்டணம் முழுத் தள்ளுபடி. டபிள்யூ-2 படிவம் (வேலை கொடுத்தவர் தரும் சம்பளச் சான்று) இல்லாமல் ரோத் ஐ.ஆர்.ஏ.-வில் (வரி கட்டிய பணத்தைப் போட்டு ஓய்வுக்காலத்துக்குச் சேமிக்கும் கணக்கு) பணம் போட முடியாது என்கிறார் அறை நண்பர். உண்மையா? இங்கேயே இளங்கலை படிக்கும் தம்பிக்கும் ஸ்காலர்ஷிப் வருகிறது. அவனும் போடலாமா?

பதில்: உங்கள் நண்பர் சொல்வது பழைய சட்டம். 2019 டிசம்பரில் வந்த செக்யூர் சட்டம் (ஓய்வுக்காலச் சேமிப்பு பற்றிய அமெரிக்கச் சட்டம்) அதை மாற்றிவிட்டது. முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களும் அதற்கு மேல் ஆய்வு செய்பவர்களும் பெறும் உதவித்தொகையில் வரிக்கு உட்படும் பகுதி, 2020 முதல் ஐ.ஆர்.ஏ.-வுக்குச் சம்பளம் போலவே கணக்காகும். டபிள்யூ-2 தேவையில்லை.

'வரிக்கு உட்படும்' என்பதைக் கவனியுங்கள். கட்டணத் தள்ளுபடிக்கு வரி கிடையாது. அதனால் அது கணக்கில் வராது. வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் போகும் 28,800 டாலர் வரும். 2025-க்கு உச்சவரம்பு 7,000 டாலர் (2026-க்கு 7,500). 2025-க்கான பணத்தை 2026 ஏப்ரல் 15 வரை போடலாம், ஆனால் எந்த ஆண்டுக்கு என்று குறிப்பிட்டே போடுங்கள். உங்கள் தொகை 1042-எஸ் படிவத்தில் (வெளிநாட்டவருக்குத் தந்த தொகையைக் காட்டுவது) வந்திருக்கும், பெரும்பாலும் 14 சதவீதம் பிடித்தம் போக. இந்திய மாணவர்களுக்கு இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தம் தருவது நிலையான கழிவு (வருமானத்தில் ஒரு குறிப்பிட்ட தொகையைக் கழித்துக்கொள்வது) மட்டுமே. வருமானம் வருமானமாகவே நிற்கும். ஒப்பந்தப்படி உதவித்தொகைக்கே முழு விலக்குப் பெறும் வேறு நாட்டு மாணவர்கள்தான், வரிக்கு உட்படும் பகுதியே இல்லாமல் போவதால், இங்கே மாட்டிக்கொள்கிறார்கள்.

தம்பி கதை வேறு. செக்யூர் சட்டத்தின் சலுகை இளங்கலைக்கு இல்லை. விடுதிச் செலவுக்கு வந்த ஸ்காலர்ஷிப்புக்கு அவர் வரியே கட்டினாலும் அது ஐ.ஆர்.ஏ.-வுக்கு உதவாது. கேம்பஸ் வேலையில் 3,000 டாலர் சம்பாதித்திருந்தால் 3,000 வரை போடலாம். 5,000 போட்டால் கூடுதலான 2,000-க்கு 6 சதவீதம், அதாவது 120 டாலர் அபராதம். பணம் உள்ளே கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும். ரிட்டர்னை நேரத்துக்குத் தாக்கல் செய்திருந்தால், கூடுதல் தொகையையும் அது ஈட்டியதையும் அக்டோபர் 15-க்குள் வெளியே எடுத்து அபராதத்தைத் தவிர்க்கலாம். கணக்கு வைத்திருக்கும் நிறுவனம் உங்கள் வருமானத்தைச் சரிபார்க்காது, போட்டதை வாங்கிக்கொள்ளும். தவறு பல ஆண்டு தெரியாமலே போவது இதனால்தான். ஃபெலோஷிப் கடிதத்தை ரிட்டர்ன் நகலோடு பத்திரப்படுத்துங்கள்.

வரி விகிதம் குறைவாக இருக்கும் இந்தக் காலத்தில் ரோத்தான் என் தேர்வு. போட்ட அசலை எப்போது வேண்டுமானாலும் வரியோ அபராதமோ இல்லாமல் எடுக்கலாம். ஈட்டியதைத் தொடக் கூடாது. படிப்பு முடிந்து ஊர் திரும்பும் எண்ணம் இருந்தால், ரோத்தின் ஈட்டலுக்கு இந்தியாவில் வரி எப்படி என்று அங்குள்ள ஆடிட்டரிடம் முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.