துரா யூரோப்போஸ்: கேள்வி பதில்

கேள்வி: சிரியாவின் பழைய நகரமான துரா யூரோப்போஸில் சுவரோவியங்கள் ஏறத்தாழ 1,700 ஆண்டுகள் அழியாமல் நின்றது எப்படி?

பதில்: கி.பி. 256 அளவில் பாரசீகத்தை ஆண்ட சாசானியரின் படை முற்றுகையிட வந்தபோது, மேற்கு மதிலை வலுப்படுத்த விரும்பிய உரோமானியர், அதையொட்டிய தெருவையும் கட்டடங்களையும் மண்ணிட்டு நிரப்பினர். 244–245இல் புதுப்பிக்கப்பட்ட யூதத் தொழுகைக்கூடமும், கிறித்தவர் வழிபட்ட வீடும் அதில் புதைந்தன. மண்மேடு மதிலிலிருந்து நகரை நோக்கிச் சரிந்திருந்ததால், தொழுகைக்கூடத்தில் மதிலருகே இருந்த சுவரே உயரமாக எஞ்சியது. எதிர்ச்சுவரில் அடிப்பகுதியே மிச்சம்.

கேள்வி: நகரை நிறுவியவர் கிரேக்கரா, உரோமானியரா?

பதில்: கி.மு. 300 அளவில், யூப்ரடீஸ் ஆற்றின் மேற்குக் கரையில் அலெக்சாந்தருக்குப் பின் ஆண்ட கிரேக்க மரபினரான செலூக்கியர் நிறுவினர். பின்னர் பார்த்தியரும், கி.பி. 165 முதல் உரோமானியரும் ஆண்டனர்.

கேள்வி: ‘பாலைவனத்தின் பாம்பெயி’ என்கிறார்களே, எந்த எரிமலை?

பதில்: எரிமலையே இல்லை. முதல் பதிலைப் படியுங்கள்.

கேள்வி: அந்த முற்றுகையில், மதிலின் கீழ் தோண்டிய சுரங்கத்தில் நச்சுப் புகை பயன்படுத்தப்பட்டதா?

பதில்: 19ஆம் கோபுரத்தின் கீழ் பாரசீகர் தோண்டிய சுரங்கத்தை உரோமானியர் எதிர்ச்சுரங்கத்தால் மறித்தனர். அங்கே 1930களில் சுமார் இருபது உடல்கள் கிடைத்தன. கைகலப்பில் பின்வாங்கிய உரோமானிய வீரர்கள் உள்ளேயே அடைபட்டு மாண்டனர் என்று அகழ்ந்த து மெனில் கருதினார். 2009இல் தொல்லியலாளர் சைமன் ஜேம்ஸ், உரோமானியர் உடல்களைப் பாரசீகர் வேண்டுமென்றே அடுக்கியிருந்ததையும், கந்தகமும் நிலக்கீலும் எரிந்த தடயங்களையும் காட்டி, பாரசீகர் மூட்டிய புகையே கொன்றது என்றார்.

கேள்வி: சுரங்கத்தின் முட்டுமரங்களை எரிக்கவே கந்தகமும் நிலக்கீலும் கொண்டுவரப்பட்டிருக்கலாமே?

பதில்: நல்ல மறுப்பு. மதிலைச் சரிக்க முட்டுகளை எரிப்பதே வழக்கம். ஆகவே அப்பொருள்கள் இருந்ததை மட்டும் வைத்து நோக்கத்தை நிறுவ முடியாது. ஆனால் உடல்களை அடுக்கியவர்களுக்கு அக்குறுகிய வழியை அடைக்க வேண்டியிருந்தது என்பதற்கு உங்கள் விளக்கத்தில் இடமில்லை. அந்த அடுக்கு இருக்கும்வரை நான் ஜேம்ஸின் பக்கமே நிற்பேன்.

கேள்வி: அடுக்கியது பிணங்களை அப்புறப்படுத்தவே என்றால்?

பதில்: அவசரச் சண்டையின் நடுவே, பகைவரின் பிணங்களை அப்புறப்படுத்தவா? ஏற்க இயலவில்லை.

கேள்வி: துராவில் எடுத்த நாணயம் என்று ஒருவர் விற்கிறார். வாங்கலாமா?

பதில்: வேண்டாம். சிரிய உள்நாட்டுப் போர் தொடங்கிய 2011க்குப் பின் கொள்ளையர் தோண்டிய குழிகள் செயற்கைக்கோள் படங்களில் நெருக்கமாகத் தெரிகின்றன. எந்த அறையில், எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது தொலைந்த நாணயம், முற்றுகையைப் பற்றி எதையும் சொல்லாது.

கேள்வி: ஓவியங்களை எங்கே காணலாம்?

பதில்: தொழுகைக்கூடத்தின் ஓவியங்கள் டமாஸ்கஸ் தேசிய அருங்காட்சியகத்துக்கும், கிறித்தவ வீட்டினுடையவை யேல் பல்கலைக்கழகத்துக்கும் சென்றன.

கேள்வி: ஒரே ஒரு சிறிய நாணயம்தானே?

பதில்: வேண்டாம்.