வாசகர் கேள்வி – பதில்: தரைக்குக் கீழே ஒரு ஸ்லோவேனியா

கேள்வி: ஐரோப்பியப் பயணத்தில் ஸ்லோவேனியாவுக்கு மூன்று நாட்கள் ஒதுக்கியிருக்கிறோம். எந்தப் படத்தைப் பார்த்தாலும் ஏரி நடுவே ஒரு தேவாலயம்தான் தெரிகிறது. அதைத் தவிர அங்கே பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?
– வாசகி, தஞ்சாவூர்

பதில்: நீங்கள் கண்டது பிளெட் ஏரி. படகோட்டி நின்றபடியே துடுப்புப் போடும் 'பிளெட்னா' படகில் தீவை அடைந்து, 99 படிகள் ஏறினால் அந்தத் தேவாலயம் வரும். திருமண நாளில் மணமகளைத் தூக்கிக்கொண்டு மணமகன் இந்தப் படிகளில் ஏறுவது அங்கே வழக்கம். அழகான இடம்தான்; ஆனால் அரை நாளுக்கு மேல் அதற்குத் தர வேண்டாம் என்பது என் கருத்து. ஏனெனில், சுமார் 20,000 சதுர கிலோமீட்டரே பரப்புள்ள அந்த நாட்டின் மிகப் பெரிய அதிசயங்கள் தரைக்குக் கீழே இருக்கின்றன.

காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மாறும் மழைநீர், பல லட்சம் ஆண்டுகளாகச் சுண்ணாம்புக்கல்லை அரித்து, தென்மேற்கு ஸ்லோவேனியாவின் அடியில் குகைகளையும் ஆறுகளையும் உண்டாக்கியிருக்கிறது. இத்தகைய நிலப்பரப்பு உலகில் எங்கே இருந்தாலும் புவியியலாளர்கள் அதைக் 'கார்ஸ்ட்' என்றே அழைக்கிறார்கள். அது அங்குள்ள க்ராஸ் பகுதியின் ஜெர்மன் பெயர். அதே மண்ணில் உள்ள செர்க்னிட்சா ஏரி, மழைக்காலத்தில் 20 சதுர கிலோமீட்டருக்கும் மேல் பரந்து நிற்கும். கோடையில் அடியிலுள்ள துளைகள் வழியாக வடிந்து புல்வெளியாகிவிடும். மீன் பிடித்த இடத்திலேயே சில மாதங்கள் கழித்து வைக்கோலுக்குப் புல் அறுப்பார்கள். இந்தப் புதிரை விளக்க முயன்று எழுதியதற்காகவே வால்வசோர் என்ற அந்நாட்டு அறிஞர் 1687இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

கேள்வி: போஸ்தோய்னா, ஷ்கோத்சியான் ஆகிய இரு குகைகளில் ஒன்றைப் பார்க்கவே நேரம் இருக்கும். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: குழந்தைகளோ முதியவர்களோ உடன் வந்தால் போஸ்தோய்னா. 1872ஆம் ஆண்டிலேயே பார்வையாளர்களை ஏற்றிச் செல்ல அந்தக் குகைக்குள் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். தொடக்கத்தில் வழிகாட்டிகளே பெட்டிகளைக் கையால் தள்ளிச் சென்றார்கள். இருளிலேயே வாழ்ந்து பார்வையை இழந்துவிட்ட 'ஓல்ம்' என்னும் நீர்வாழ் உயிரினத்தையும் அங்கே காணலாம். இளஞ்சிவப்புத் தோலைப் பார்த்து 'மனித மீன்' என்று ஊரார் பெயரிட்டார்கள். வெள்ளத்தில் வெளியே அடித்து வரப்பட்டவற்றை டிராகனின் குட்டிகள் என்று முன்னோர் நம்பியிருக்கிறார்கள்.

படி ஏறி இறங்கக் கால்களில் வலுவிருந்தால், தயங்காமல் ஷ்கோத்சியான் செல்லுங்கள். 1986இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமான அந்தக் குகைக்குள், ரேகா ஆற்றுக்கு 45 மீட்டர் உயரத்தில் ஒரு பாலத்தின் மேல் நடந்து செல்லும்போது, ஆற்றின் இரைச்சல் மட்டும் கீழேயிருந்து எழுந்து வரும். 'ரேகா' என்றால் அவர்கள் மொழியில் வெறும் 'ஆறு' என்றுதான் பொருள். இங்கே மறையும் அந்த ஆறு, முப்பது கிலோமீட்டருக்கும் மேல் பூமிக்கடியில் ஓடி, இத்தாலியில் திமாவோ என்ற வேறு பெயருடன் வெளிப்படுகிறது. எந்தக் குகைக்குப் போனாலும், கோடையானாலும் கம்பளிச் சட்டை அவசியம். உள்ளே ஏறத்தாழ 10 டிகிரிதான்.

கேள்வி: அந்நாட்டில் தேனீ வளர்ப்புக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறதாமே, உண்மையா?
– வாசகி, மதுரை

பதில்: உண்மைதான். பிளெட் ஏரிக்கு அருகிலுள்ள ராடோவ்லிட்சா என்ற சிற்றூரில் இருக்கிறது. தேன்பெட்டிகளின் முகப்புப் பலகையில் ஓவியம் தீட்டுவது 18ஆம் நூற்றாண்டில் அங்கே தோன்றிய நாட்டுப்புறக் கலை. புனிதர்களின் உருவங்கள் ஒருபுறம் இருக்க, இறந்த வேட்டைக்காரனை விலங்குகள் கூடிப் பாடையில் சுமந்து செல்வது போன்ற குறும்பான காட்சிகளும் உண்டு. எனக்குப் பிடித்தவை அவையே. ஸ்லோவேனியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் அவை 2017இல் மே 20ஆம் தேதியை உலகத் தேனீ நாளாக அறிவித்தது. அந்த நாள் அன்டோன் யான்ஷாவின் நினைவாகத் தேர்ந்தெடுக்கப்பட்டது. அவர் ஓவியக்கலை பயில வியன்னாவுக்குப் போய், அங்கே பேரரசி மரியா தெரேசாவின் காலத்தில் தேனீ வளர்ப்பு ஆசிரியராக நியமிக்கப்பட்டவர்.