குறட்டைக் கருவியும் நெஞ்செரிச்சலும்: பல் மருத்துவர் பதில்கள்

கேள்வி: டாக்டர், வயது 52. தூக்கப் பரிசோதனையில் மணிக்கு 22 முறை மூச்சு தடைப்படுவதாக வந்தது. உறக்கத்தில் காற்றை அழுத்தி உள்ளே செலுத்தும் சிபாப் முகமூடி எனக்கு ஒத்துவரவில்லை. இரவில் புளித்த நீரும் தொண்டைவரை வருகிறது. வாய்க்கருவி போதுமா?

பதில்: மணிக்கு 15 முதல் 30 முறை வரை தடைப்பட்டால் நடுத்தர வகை. முகமூடி ஒத்துக்கொள்ளாத உங்களைப் போன்றவர்களுக்கு இந்தக் கருவியைத் தாராளமாக முயன்று பார்க்கலாம். மேலும் கீழுமாக இரண்டு தகடுகள் கீழ்த்தாடையை முன்னே இழுத்துப் பிடிக்கும். நாக்கின் அடியும் கூடவே நகர்வதால் தொண்டையில் வழி கிடைக்கிறது. ஒரே நாளில் முழுக்க இழுக்க மாட்டோம். வாரக்கணக்கில் கருவியின் திருகாணியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புவோம். தொடக்கத்தில் தாடை வலிக்கும், எச்சில் வழியும். ஆண்டுக்கணக்கில் அணிந்தால் கடைவாய்ப் பற்கள் முன்போல் சேராமல் போகலாம். அதனால் ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது வந்து காட்டுங்கள்.

புளித்த நீர் தனிக் கதை. அடைத்த தொண்டையோடு மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் தாழ்கிறது. அமிலம் மேலேற அதுவும் ஒரு காரணம். மூச்சு சீரானால் சிலருக்கு இது தணியும். ஆனால் கருவி அமிலத்துக்கு மருந்தல்ல. உறக்கத்தில் எச்சில் ஊறுவதும் விழுங்குவதும் மிகக் குறைவு. ஏறிய அமிலம் இறங்காமல் நிற்கும். அத்தகையவர்களின் மேல் முன்பற்களை உட்புறமாகப் பார்த்தால் எனாமல் கரைந்து வழவழப்பாக இருக்கும், விளிம்பில் வெளிச்சம் ஊடுருவும். கருவிக்கு அளவெடுக்கும் முன் வயிற்று மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: வெந்நீரில் போட்டுக் கடிக்கும் கருவி இணையத்தில் மலிவாகக் கிடைக்கிறதே?

பதில்: பரிசோதனை இல்லாமல் எந்தக் கருவியும் வாங்காதீர்கள்.

கேள்வி: எனக்கு மேல், கீழ் இரண்டும் பல் செட். இந்தக் கருவி போடலாமா?

பதில்: பிடிமானம் கிடைக்காது. நாக்கை உறிஞ்சிப் பிடிக்கும் வகை உண்டு. நேரில் காட்டிக் கேளுங்கள்.

கேள்வி: கருவி போட்டபின் குறட்டை நின்றுவிட்டது. மறுபரிசோதனை வீண் செலவுதானே?

பதில்: இல்லை. சத்தம் அடங்கியபின்னும் மூச்சு தடைப்படலாம். கருவியை அணிந்தபடியே மறுபடி பரிசோதியுங்கள்.

கேள்வி: மறுபரிசோதனை வீண் செலவு என்று முன்னால் கேட்டவர் சொல்வதே சரி. என் மனைவி பக்கத்தில் படுத்துக் கவனிக்கிறாள். அதைவிடப் பரிசோதனை உண்டா?

பதில்: உங்கள் மனைவியின் காதுக்குக் குறட்டை கேட்கும், இரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குவது கேட்குமா? அவரும் பாவம், இரவில் தூங்க வேண்டாமா?

கேள்வி: அப்படியானால் மருத்துவர்களுக்கு வருமானம் என்று சொல்லுங்கள்.

பதில்: அந்தப் பரிசோதனையை நான் செய்வதில்லை, ஐயா. அதில் எனக்கு ஒரு பைசா வராது. பகலில் வண்டி ஓட்டும்போது கண் சொக்குகிறதா என்பதையாவது சொல்லுங்கள்.

கேள்வி: நெஞ்செரிச்சலுக்கு மூன்று தலையணை வைக்கிறேன்.

பதில்: வயிறு மடங்கி இன்னும் அழுத்தும். கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்கு அடியில் 15 முதல் 20 சென்டிமீட்டர் உயரத்துக்குக் கட்டை கொடுங்கள். இடப்பக்கம் படுங்கள். இரவு உணவுக்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி விடுங்கள்.

கேள்வி: இணையத்தில் விற்கும் கருவி நல்லதா?

பதில்: இதற்கு முன்பே மேலே பதில் சொல்லிவிட்டேன், அதைப் படியுங்கள்.

கேள்வி: பல் கடிப்புக்காக இரவில் பல்லில் மாட்டும் உறை, அதாவது நைட் கார்டு, போதாதா?

பதில்: போதாது. அது தாடையை முன்னே கொண்டுவராது; சிலருக்கு மூச்சுத்தடை கூடவும் செய்யலாம்.

கேள்வி: காலையில் வாய் புளிக்கிறது. உடனே பல் துலக்கலாமா?

பதில்: கூடாது. அமிலத்தில் இளகிய எனாமல் தேயும். தண்ணீரில் கொப்பளித்து அரை மணி நேரம் கழித்துத் துலக்குங்கள். கருவியைக் குளிர்ந்த நீரில் கழுவுங்கள். வெந்நீர் பட்டால் கோணிவிடும்.