ஆங்கிலத்தைத் திருத்தச் சொல்லி ஆய்விதழ் திருப்பி அனுப்பினால்

கேள்வி: என் கட்டுரையை ஆய்விதழ் திருப்பி அனுப்பிவிட்டது. 'ஆங்கிலம் மேம்பட வேண்டும்' என்று மதிப்பாய்வாளர் எழுதியிருக்கிறார். இணையத்தில் கட்டணம் வாங்கித் திருத்தித் தருபவர்களிடம் கொடுக்கலாமா, இல்லை ஏஐ போதுமா?

பதில்: கொடுக்கலாம், ஆனால் உடனே வேண்டாம். முதலில் மதிப்பாய்வாளர் வரி எண் போட்டுப் பிழைகளைக் காட்டியிருக்கிறாரா என்று பாருங்கள். காட்டியிருந்தால் சிக்கல் ஒருமை பன்மை, வினைக்காலம், ஆர்ட்டிகிள் (a, an, the) போன்றவற்றில்தான். அதைச் சரிசெய்வது எளிது. பொத்தாம்பொதுவாகச் சொல்லியிருந்தால் நான் முன்னுரையைத்தான் சந்தேகப்படுவேன். வாதம் பிடிபடாமல் எரிச்சலடைந்தவரும் பழியை ஆங்கிலத்தின் மீதே போடுவார்.

முன்னுரையைச் சோதிக்க மொழியியலாளர் ஜான் ஸ்வேல்ஸ் 1990-இல் விளக்கிய அமைப்பு இன்றும் உதவுகிறது: இந்தத் துறை ஏன் முக்கியம், இதில் இன்னும் தெரியாதது என்ன, அதற்கு இந்தக் கட்டுரை என்ன செய்கிறது. பெரும்பாலான வரைவுகளில் நடுவில் உள்ளதுதான் காணாமல் போயிருக்கும். முந்தைய ஆய்வுகளை வரிசையாக அடுக்கிவிட்டு, 'இக்கட்டுரையில் நாங்கள்' என்று தாவிவிடுவார்கள். எந்தத் திருத்துநராலும் இதை நிரப்ப முடியாது. அந்த இடைவெளி எதுவென்று தெரிந்தவர் நீங்கள் மட்டும்தான்.

சொற்றொடர்களுக்கு மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் 'அகாடமிக் ஃபிரேஸ்பேங்க்' தளத்தைப் பாருங்கள், இலவசம். முந்தைய ஆய்வோடு முரண்படுவது, முடிவை அடக்கமாகச் சொல்வது எனத் தேவைக்கேற்பப் பிரித்து வைத்திருக்கிறார்கள். வளரும் நாடுகளின் ஆய்வாளராக இருந்தால் 'ஆத்தர்எய்ட்' திட்டத்தில் அனுபவசாலிகளின் வழிகாட்டலும் இலவசமாகக் கிடைக்கும்.

ஏஐ இலக்கணத்தை நன்றாகவே திருத்துகிறது. ஆனால் 'தொடர்பு இருக்கலாம்' என்று நீங்கள் எழுதியதைச் சத்தமில்லாமல் 'காரணமாகிறது' என்று மாற்றியும் விடும். வாக்கியம் அழகாகிவிடும், அறிவியல் தவறாகிவிடும். அதனால் பத்தி பத்தியாகக் கொடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டுப் படியுங்கள். வெளியாகாத தரவுகளைப் பொதுக் கருவிகளில் ஒட்டும் முன் அவற்றின் தனியுரிமை விதிகளையும் பாருங்கள். ஏஐ பயன்பாட்டை அறிவிக்க வேண்டுமா என்பது ஆய்விதழுக்கு ஆய்விதழ் மாறும். கட்டுரையாசிரியர் பட்டியலில் மட்டும் ஏஐயைச் சேர்க்கவே கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் பணம் கொடுத்துத் திருத்துவதானால், உங்கள் துறை தெரிந்தவரா என்று கேளுங்கள். மாற்றங்கள் தெரியும்படி, 'டிராக் சேஞ்சஸ்' வைத்த கோப்பாகத்தான் வாங்க வேண்டும். மெய்ப்புப் பார்ப்பதற்கும் வாக்கியங்களை மாற்றி எழுதுவதற்கும் கட்டணம் வேறு, எது வேண்டுமென்று முன்பே பேசிவிடுங்கள். கட்டுரை ஏற்கப்படும் என்று உத்தரவாதம் தருபவரா? ஆளை விடுங்கள். அப்படி யாராலும் தர முடியாது. திருத்துநர்கள் தரும் சான்றிதழும் மொழி திருத்தப்பட்டது என்பதற்கு மட்டும்தான். திருத்தியவர் பெயர் நன்றியுரையில் வரலாம், ஆசிரியர் வரிசையில் வராது.

அப்புறம், மறுபடி அனுப்பும்போது பதில் கடிதத்தில் 'ஆங்கிலம் திருத்தப்பட்டது' என்று ஒரே வரியில் முடித்துவிடாதீர்கள். எந்தப் பத்திகளை மாற்றி எழுதினீர்கள் என்று பக்க எண்ணோடு குறிப்பிடுங்கள்.