டிஜிட்டல் சின்தசைசர், அதாவது எண்களை வச்சு இசைச் சத்தம் உருவாக்குற மெஷினை ஆர்டர் கொடுத்து தனியா செய்ய வைக்கணுமா, கம்ப்யூட்டரே போதாதா?

இப்போ போதும், ஆனா 1970கள்ல போதாது. நமக்கு வேணும்கிற சத்தத்தை கணக்குப் போட்டு உருவாக்குறதுக்குன்னே ஒரு இன்ஜினியர்கிட்ட சொல்லி தனி சர்க்யூட் செஞ்சு வாங்குறதுதான் இது.

ஏன்னா டிஜிட்டல் சத்தம்னா வெறும் எண்கள்தான், சிடி தரத்துக்கு விநாடிக்கு 44,100 எண் வேணும், ஒவ்வொரு எண்ணுக்கும் ஏகப்பட்ட பெருக்கல் கூட்டல், அந்தக் காலத்து கம்ப்யூட்டர்ல சில நிமிஷ இசைக்கே மணிக்கணக்கா காத்திருக்கணும், வாசிச்ச உடனே கேக்குறதெல்லாம் நடக்காது.

பந்தியில ஒரே ஆள் சோறு, சாம்பார், பொரியல்னு எல்லாத்துக்கும் அடுக்களைக்கு ஓடினா எப்படி இருக்கும்? அதுதான் கம்ப்யூட்டர். வாளிக்கு ஒரு ஆள்னு வரிசையா இலை இலையா போய்க்கிட்டே இருந்தா மளமளன்னு முடியும்ல, ஸ்பெஷல் ஹார்டுவேர் அப்படித்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்ச உதாரணம் சாம்சன் பாக்ஸ். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக இசை ஆராய்ச்சி மையமான கார்மாவுக்காக பீட்டர் சாம்சன் வடிவமைச்சது, 1977ல வந்து சேர்ந்துச்சு. ஃபிரிட்ஜ் சைஸ் பெட்டி, ஒரே நேரத்துல 256 அலைகளை உருவாக்கும், அதை மாத்தி வடிகட்ட 128 யூனிட் வேற! 1983ல யமஹா டிஎக்ஸ்7ங்கிற கீபோர்டு சின்தசைசர் வந்தப்போ அதே மையத்து ஜான் சௌனிங் கண்டுபிடிச்ச எஃப்எம் முறை (ஒரு அலையை வச்சு இன்னொரு அலையோட அதிர்வெண்ணை மாத்தி புதுப்புது சத்தம் உண்டாக்குறது) சின்ன சிப்ல அடங்கி கடைக்கே வந்துடுச்சு.

நிறைய பேர் இந்த மாதிரி மெஷினுக்குள்ள ரெக்கார்ட் பண்ண சத்தம் இருக்கும்னு நினைக்கிறாங்க, அப்படி இல்லை, சாம்சன் பாக்ஸ்ல கீபோர்டு கட்டைகூட கிடையாது, கம்ப்யூட்டர் அனுப்புற கட்டளையை வச்சு ஒவ்வொரு சத்தத்தையும் அப்பப்போ கணக்குப் போட்டுத்தான் கொடுக்கும்.