பழைய பவர் ஆம்ப்ளிஃபயரை வாங்குமுன் வீட்டில் எப்படிச் சோதிப்பது?

கீழக்கரையில் மைக்செட் தொழிலை விட்டுவிட்ட ஒருவரிடமிருந்து இரண்டு சேனல் பவர் ஆம்ப்ளிஃபயர் ஒன்று விலைக்கு வருகிறது, கையில் மல்டிமீட்டர் மட்டுமே இருக்கிறது, எதைப் பார்த்து வாங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மண்டபம் பக்கத்துக்காரன். திருவிழா வாடகைக்கு ஓடி ஓய்ந்த ஆம்ப்ளிஃபயர்களை வாங்கிச் சரிசெய்து வைத்துக்கொள்வது என் வழக்கம். நம் கடற்கரையில் மீட்டருக்கு முன்னால் ஸ்க்ரூடிரைவரைத்தான் எடுக்க வேண்டும்.

மின்னிணைப்பைப் பிடுங்கிச் சில நிமிடங்கள் கழித்து மூடியைத் திறந்து, மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பெரிய ஃபில்டர் கெப்பாசிட்டர்களின் முனைகளில் டி.சி. வோல்ட் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று முதலில் அளந்துவிடுங்கள். இருந்தால் 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் வழியாக அது வடியட்டும்; ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்து பொறி பறக்கவிடுவது வேண்டாம். பிறகு டார்ச் அடித்து ஃபேனுக்கு நேர் எதிரே உள்ள இடத்தைப் பாருங்கள். ஃபேன் இழுக்கும் உப்புக்காற்று முதலில் மோதுவது அங்கேதான்: ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு இடையில் வெள்ளையாகப் பூத்திருக்கும், போர்டைப் பிடித்திருக்கும் திருகுகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு வளையம் கட்டியிருக்கும். காரைக்குடியிலுள்ள மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் உலோக அரிப்பை ஆராய மண்டபத்தில் நிலையம் வைத்திருப்பது காரணமில்லாமல் அல்ல.

இந்த உப்பின் குணம் தெரிந்தால்தான் சோதனையை எந்த நேரத்தில் செய்வது என்பது விளங்கும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டியதும் உப்பு ஈரத்தை இழுத்துத் தானே கரைசலாகிவிடுகிறது. அக்கரைசல் மின்சாரத்தைக் கடத்தும். நண்பகலில் ஒழுங்காகப் பாடும் ஆம்ப்ளிஃபயர் விடியற்காலையில் கரகரப்பதும், ஸ்பீக்கரை இணைத்துத் துண்டிக்கும் ரிலே காரணமில்லாமல் விட்டுவிட்டுப் பிடிப்பதும் பெரும்பாலும் இதனால்தான். ஆகவே முடிந்தால் அதிகாலையில் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். கடையில் விற்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் உப்பு ஏறக்குறைய கரையவே கரையாது என்பதால், போர்டை முதலில் காய்ச்சி வடித்த நீரால் துடைத்து, அந்த ஈரத்தை விரட்டுவதற்கு மட்டும் ஆல்கஹாலைப் பயன்படுத்துவதே சரியான வரிசை.

அடுத்தது ஸ்பீக்கருக்கு மின்சாரம் தள்ளும் அவுட்புட் ட்ரான்சிஸ்டர்கள். மல்டிமீட்டரை டயோடு நிலையில் வைத்து, ஒவ்வொன்றின் கலெக்டர், எமிட்டர் என்ற இரு கால்களுக்கும் இடையே அளக்கும்போது பூஜ்யத்தை ஒட்டிய அளவு காட்டினால், அந்த வரிசையில் ஏதோ ஒன்று ஷார்ட் ஆகியிருக்கிறது என்று பொருள். இதில் தேறிய பிறகே மின்சாரம் கொடுக்கலாம், அதுவும் மின்னிணைப்பின் ஃபேஸ் கம்பியில் 100 வாட் குண்டு பல்பு ஒன்றைச் சீரீஸாகப் போட்டு. எல்.இ.டி. பல்பு இதற்கு உதவாது. பல்பு பளிச்சென்று எரிந்து உடனே மங்கினால் கெப்பாசிட்டர்கள் சார்ஜ் ஆகியிருக்கின்றன. மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உள்ளே எங்கோ ஷார்ட், உடனே அணைத்துவிடுங்கள். கனமான ட்ரான்ஸ்ஃபார்மருக்குப் பதில் ஸ்விட்சிங் பவர் சப்ளை உள்ள எஸ்.எம்.பி.எஸ். வகையில் பல்பு துடித்துத் துடித்து எரியக்கூடும் என்பதால், அதை மட்டும் வைத்து அவ்வகையைக் குறை சொல்ல முடியாது.

ஸ்பீக்கர் எதையும் இணைக்காமல், உள்ளீடும் இல்லாமல், அவுட்புட் முனைகளில் டி.சி. அளவைப் பாருங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நிம்மதி. பல வோல்ட் காட்டினால் எந்த ஸ்பீக்கரையும் அதன் பக்கத்தில் கொண்டு போகாதீர்கள், காயில் கருகிவிடும். குழாய் ஸ்பீக்கர்களுக்கான 100 வோல்ட் லைன் வகையில் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரே டி.சி.யைத் தடுத்துவிடும் என்பதால் அங்கே இந்தச் சோதனை எதையும் சொல்லாது.

சுமை ஏற்றிப் பார்க்காமல் பணம் கொடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. 230 வோல்ட், 1500 வாட் வாட்டர் ஹீட்டர் ராடு ஒன்றின் தடை ஏறக்குறைய 35 ஓம். நான்கை இரவல் வாங்கி இணையாக இணைத்து வாளித் தண்ணீரில் இறக்கினால் 8.8 ஓம் சுமை செலவில்லாமல் கிடைத்துவிடும். அவற்றின் பிளக் சுவர்ப் பக்கம் போகவே கூடாது, ஆம்ப்ளிஃபயர் ஓடும்போது வாளிக்குள் கையும் போகக் கூடாது. பல்பை எடுத்துவிட்டு, சரியான ஃபியூஸுடன், கைப்பேசிச் செயலியில் 100 ஹெர்ட்ஸ் சைன் ஒலியைக் கொடுத்து மெல்ல ஏற்றுங்கள். விலை குறைந்த மீட்டர்கள் உயர்ந்த அதிர்வெண்களில் தப்பாகக் காட்டும். ஒவ்வொரு படிக்கும் வோல்ட் ஏறும் அளவு சுருங்கத் தொடங்கும் இடம்தான் எல்லை. அங்கே மீட்டரின் ஏ.சி. அளவில் 28 வோல்ட் என்றால், அதன் வர்க்கத்தை 8.8 ஆல் வகுக்க, ஏறத்தாழ 89 வாட். மூடியில் 500 வாட் என்று அச்சடித்திருந்தால் பேரம் பேச இது போதும்.

பிறகு அந்த எல்லையின் 40 சதவீத வாட்டுக்குக் குறைத்து அரை மணி நேரம் ஓடவிடுங்கள். ஏபி வகை (கிளாஸ் ஏபி) ஆம்ப்ளிஃபயரின் ட்ரான்சிஸ்டர்கள் முழு வாட்டில் அல்ல, ஏறக்குறைய இந்த அளவில்தான் அதிகமாகச் சூடாகும். இரு சேனல்களின் ஹீட்சிங்க்கும் ஒரே மாதிரி சுட வேண்டும். ஒன்று மட்டும் கொதித்தால் ட்ரான்சிஸ்டர்களில் சும்மா இருக்கும்போதும் ஓடும் சிறு மின்னோட்டத்தின் அமைப்பு, அதாவது பயாஸ், தவறியிருக்கலாம், ஃபேன் தூர்ந்திருக்கலாம்.

பாடாத, ஆனால் சுத்தமான போர்டு உள்ளதையும், பாடுகிற, ஆனால் களிம்பேறிய போர்டு உள்ளதையும் ஒரே விலைக்குக் கொடுத்தால் நான் பாடாததைத்தான் எடுப்பேன். போன ட்ரான்சிஸ்டரை மாற்றிவிடலாம். செம்புத் தடங்களுக்கு அடியில் புகுந்த அரிப்பு ஒரு பக்கம் சாலிடர் வைக்க வைக்க மறுபக்கம் விட்டுக்கொண்டே இருக்கும்.